பின்பக்கத்துக் குழாய்

அந்த இதய அறுவை அரங்கில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. தலைமை மருத்துவர் பெரியவர். அவருக்கு எதிர்ப்பக்கம் நின்று அறுவையில் உதவும் பெண் மருத்துவர் சின்ன டாக்டர். ஆள் ஒன்றும் சின்னவர் இல்லை. காதோரம் நரைத்துவிட்டது, மகள் கல்லூரிக்குப் போகிறாள். இருந்தாலும் பெரியவர் என்று ஒருவர் இருக்கிறவரைக்கும் அவர் சின்ன டாக்டர்தான். ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பருக்கு மீட்டர் என்று பெயர். "மீட்டர் வந்தாச்சா?", "மீட்டருக்கு டீ வச்சிருக்கு" என்றுதான் பேச்சு நடக்கும். அவரும் அந்தப் பெயருக்கு வீட்டில்கூடத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அடைத்துப்போன இடத்தைத் தாண்டி இதயத்துக்கு ரத்தம் போவதற்காக, காலிலிருந்து ஒரு சிரையை எடுத்தோ, மார்புச் சுவரின் உள்ளே ஓடும் தமனியைத் திருப்பியோ இதயத்தின் மேல் தைக்கிறார்கள். கிராஃப்ட் என்பது இதுதான். தைத்து முடித்ததும் அதில் ரத்தம் ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உப்பியிருக்கும், துடிக்கும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஓடாது. அதனால் பேனா போன்ற பிடியின் நுனியில் இருக்கும் சின்னக் கொக்கி ஒன்றை அதன் இடுப்பில் மாட்டுவார்கள். புரோப் என்பார்கள் அதை. நடுவில் காற்று புகாமல் ஜெல் வைப்பார்கள். நிமிடத்துக்கு எத்தனை மில்லி ஓடுகிறது என்பது திரையில் எண்ணாக வரும். பக்கத்தில் இன்னோர் எண்; ரத்தம் முன்னே போக வழியில்லாமல் முட்டி முட்டித் திரும்பினால் அது ஏறும். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது எண் சின்னதாகவும் இருந்தால் எல்லோரும் மூச்சு விடுவார்கள். திரையின் ஓரத்தில் பச்சைப் பட்டை ஒன்றும் உண்டு. புரோப் குழாயோடு ஒழுங்காகப் படிந்திருந்தால் பட்டை நிறையும். படியவில்லை என்றால் எண்ணை நம்பக் கூடாது.

மீட்டர் எப்போதும் மூன்றையும் வரிசையாகச் சொல்வார். "முப்பது. ரெண்டு. காண்டாக்ட் நல்லாருக்கு." மூன்றாவதை அவர் சொல்லாமல் விட்டால் படியவில்லை என்று அர்த்தம். யாரும் கேட்கவே வேண்டாம். உடனே இன்னும் கொஞ்சம் ஜெல் வைத்து மறுபடி மாட்டுவார்கள். அது அந்த அரங்கின் பழக்கம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பெரியவர் மாட்டும்போது எண் குறைவாக வந்தால், புரோப் சின்ன டாக்டர் கைக்குப் போகும். அவர் மாட்டினால் பெரும்பாலும் எண் ஏறும். ஒருமுறை, இரண்டு முறை என்றால் தற்செயல் என்று விட்டிருப்பார்கள். வருடக்கணக்கில் அப்படியே நடந்தால் என்ன செய்வது? அவருக்குக் கைராசி என்று ஆகிவிட்டது. சின்ன டாக்டர் ராசி, நட்சத்திரம் எதிலும் நம்பிக்கை உள்ளவர் இல்லை. ஆனாலும் அதை மறுத்துப் பேசியதும் இல்லை. ஆபரேஷன் முடிந்து கையுறையைக் கழற்றும்போது யாராவது அப்படிச் சொன்னால், முகமூடிக்குள் ஒரு சிரிப்பு வரும். அவ்வளவுதான்.

மீட்டர் அந்தக் கைராசியை வீட்டுக்கும் கொண்டுபோயிருந்தார். அவருடைய மனைவிக்கு ஒரே அண்ணன். தாய் தகப்பன் போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை வீட்டு மாடியிலேயே ஓர் அறையில் இருந்தார். அச்சகம் ஒன்றில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை. மீட்டருக்கு மச்சான் முறை என்றாலும் இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் என்றுதான் நினைக்கத் தோன்றும். மச்சானுக்கு முன்பே ஒருமுறை மாரடைப்பு வந்து இதயம் தளர்ந்திருந்தது. இப்போது மூன்று குழாய்களில் அடைப்பு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை சின்ன டாக்டர் வார்டுக்குப் போனபோது மச்சான் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மீட்டர்.

"என்ன மாப்ளே, உங்க ஆஸ்பத்திரியில சிரிச்சா பில்லு போடுவாங்களா? எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறாங்க."

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க மச்சான். நீங்க வந்தப்புறம்தான் இப்படி."

"டாக்டரம்மா, நீங்களே கேளுங்க. பொண்ணு குடுத்த வீட்டுக்கு இதுதான் மரியாதை." பிறகு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அச்சாபீஸ்ல தாள் வெட்டறவன். இவ்வளவு வருஷத்துல ஒரு கட்டுகூடக் கோணலா வெட்டினதில்லை. என்னையும் நேரா வெட்டிடுங்க. பைண்டிங்ல சரிபண்ணிக்கலாம்னு கோணல் மாணலா விட்டுடாதீங்க."

"நேராத்தான் வெட்டுவோம். அதுக்குன்னே ரம்பம் இருக்கு."

"ரம்பமா! எங்க மேனேஜர் ஒருத்தர்தான் ரம்பம்னு நெனச்சேன். இங்கயுமா?"

தங்கை சிரிக்கவில்லை. பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தவள், சின்ன டாக்டர் வெளியே வந்ததும் பின்னாலேயே வந்தாள்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம். அண்ணனுக்கு இதயம் வீக்கா இருக்கு, ஆபரேஷன் கொஞ்சம் ரிஸ்க்தான்னு பெரிய டாக்டர் சொன்னார். மாத்திரையிலயே ஓட்டிடலாம்னு நான் இருந்தேன். இவர்தான் நீங்க இருக்கீங்கன்னு சொன்னார். நீங்க கை வச்சா ஓடாத ரத்தமும் ஓடும்னு சொன்னார். அப்புறம்தான் நான் கையெழுத்துப் போட்டேன்."

"அப்படி எல்லாம் இல்லைங்க. எல்லாரும் சேர்ந்து செய்யறதுதான்."

"தெரியும். ஆனாலும் நீங்க இருங்க. நடுவுல எங்கயும் போயிடாதீங்க."

போக மாட்டேன் என்று சின்ன டாக்டர் சொன்னார்.

மீட்டரை அரங்குக்குள் விடுவதா வேண்டாமா என்று ஒரு பேச்சு வந்தது. கருவியைத் தெரிந்த இன்னொருவர் விடுப்பில் இருந்தார். பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை.

"சொந்தக்காரன் படுத்திருக்கான்யா. நீ வெளிய இருக்கறதுதான் சரி."

"நான் திரையைத்தானே சார் பார்க்கப்போறேன். மச்சான் பக்கம் திரும்பவே மாட்டேன்."

"கை நடுங்கினா வெளிய போயிடணும்."

"என் கைக்கு அங்க என்ன சார் வேலை? வாய்தானே."

மறுநாள் காலை ஆபரேஷன் ஒழுங்காகத்தான் தொடங்கியது. மார்பெலும்பு நேராகப் பிளந்தது. மச்சான் பார்த்திருந்தால் திருப்திப்பட்டிருப்பார். இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, இதயத்தை நிறுத்தி, மூன்று கிராஃப்ட்களையும் பெரியவர் தைத்தார். முன்பக்கத்துக்கு மார்புத் தமனி. வலப்பக்கத்துக்குக் காலிலிருந்து எடுத்த சிரை. மூன்றாவது, இதயத்தின் இடது விளிம்பைச் சுற்றிப் பின்பக்கத்துக்குப் போக வேண்டிய சிரை. இது எப்போதும் தொல்லை பிடித்த இடம். தைக்கும்போது இதயம் காலியாகச் சுருங்கிக் கிடக்கும். ரத்தம் நிறைந்து உப்பிய பிறகு எவ்வளவு நீளம் தேவைப்படும் என்பதை அனுபவத்தில்தான் கணக்கிட வேண்டும். குட்டையாகிவிட்டால் தையல் இழுத்துக் கிழியும். அதனால் பெரியவர் தாராளமாகவே விட்டுத் தைத்தார்.

இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியது. தளர்ந்த இதயம் என்பதால் இயந்திரத்திலிருந்து அதைப் பிரிக்கவே பெரும்பாடாகிவிட்டது. மருந்துகளை ஏற்றி ஏற்றி, மயக்க டாக்டர் ஒருவழியாக ரத்த அழுத்தத்தை நிலைநிறுத்தினார். எப்போது பார்த்தாலும் ஏதாவது கிண்டல் செய்துகொண்டிருக்கிற மனிதர், அன்றைக்கு அதுவரை வாய் திறக்கவில்லை.

"மீட்டர், ஆரம்பிக்கலாம்," என்றார் பெரியவர்.

முன்பக்கத்துத் தமனியில் புரோப் மாட்டினார்.

"முப்பத்தெட்டு. ரெண்டு. காண்டாக்ட் நல்லாருக்கு."

வலப்பக்கம்.

"அம்பத்தொண்ணு. ஒண்ணரை. காண்டாக்ட் நல்லாருக்கு."

பின்பக்கத்துக் குழாய்க்குப் பெரியவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எட்டி வளைந்து மாட்ட வேண்டியிருந்தது. கொக்கி விழுந்தது. திரையில் அலை எழும்பி எழும்பி உடனே படுத்தது.

"ஒன்பது," என்றார் மீட்டர். "எட்டு."

மூன்றாவது வாக்கியத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

"ஜெல்," என்றார் பெரியவர். வைத்து மறுபடி மாட்டினார்.

"பதினொண்ணு. ஏழு."

மறுபடியும் அதோடு நின்றது.

மீட்டருக்கு முன்னால் பச்சைப் பட்டை விளிம்புவரை நிறைந்திருந்தது. முதல்முறையும் நிறைந்துதான் இருந்தது. அந்தத் திரை அவர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியிருந்தது. வேறு யாருக்கும் பட்டை தெரியாது. நிறைந்திருக்கிறது என்று சொன்னால் ஒன்பது என்பது உறுதியான ஒன்பதாகிவிடும். தையலைப் பிரிக்க வேண்டும். அந்த இதயத்தை மறுபடி இயந்திரத்தில் போட வேண்டும். போட்டால் இன்னொரு தடவை அதைப் பிரித்தெடுக்க முடியுமா என்பது யாருக்கும் தெரியாது.

"உங்களுக்கு அந்தப் பக்கம் கை எட்டலை சார்," என்றார் மயக்க டாக்டர். "படிஞ்சிருக்காது."

"மேடம்கிட்ட குடுங்க சார்," என்றார் மீட்டர். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

சின்ன டாக்டர் நின்றிருந்தது இடப்பக்கம். அவருக்கு அந்தக் குழாய் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மோதிர விரலால் இதயத்தின் விளிம்பை மெல்ல ஒதுக்கி, சிரையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் எழுப்பி, கொக்கிக்குள் விட்டார். எப்போதும் அப்படித்தான் விடுவார். எழுப்பினால்தான் கொக்கி சுற்றி வரும்.

"நாப்பத்திரெண்டு!" என்றார் மீட்டர். "ரெண்டு. காண்டாக்ட் நல்லாருக்கு. நல்லாருக்கு சார்."

அரங்கு முழுவதும் தோளைத் தளர்த்தியது.

"மேடம்," என்றார் மயக்க டாக்டர், "வீட்டுக்குப் போற வழியில எங்க வீட்டு மோட்டார்லயும் ஒரு தடவை கை வச்சுட்டுப் போங்க. மாடிக்குத் தண்ணி ஏறவே மாட்டேங்குது."

"முதல்ல கரண்ட் பில்லைக் கட்டுய்யா," என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சின்ன டாக்டரும் சிரித்தபடியேதான் புரோப்பைக் கழற்றினார். கழன்றதும், நெடுநாள் மடித்து வைத்த துணி தன் பழைய மடிப்பைத் தேடிப் போவது போல, சிரை விளிம்புக்கு அந்தப் பக்கம் சரிந்து இறங்கியது. அது அவர் கண்ணில் பட்டது. பட்டதும் சிரிப்பு நின்றது.

"சார், ஹார்ட்டை அது இடத்துல விட்டுட்டு இன்னொரு தடவை பார்த்துடலாமா?"

"எதுக்கு? நாப்பத்திரெண்டு பத்தாதா உனக்கு?"

"அதுக்கில்லை சார். உங்க கையில ஒன்பது வந்துச்சே."

"என் கையில வந்தது தப்பான ஒன்பது. மீட்டர் காண்டாக்ட் சொல்லலையே, கவனிச்சியா? அந்தப் பக்கம் தொட்டாலே பிரஷர் இறங்குது, அங்க பாரு. திரும்பத் திரும்ப நோண்டினா தையல் போயிடும். மூடிடலாம்."

அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது நிஜம். பெரியவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. சின்ன டாக்டர் வேறு விஷயங்களில் அவரோடு நின்று வாதாடியவர்தான். ஒருமுறை கோபத்தில் பெரியவர் இடுக்கியை விட்டெறிந்தபோதுகூட நகராமல் நின்றவர். அன்றைக்கு வாதாடவில்லை. நாற்பத்திரண்டைச் சந்தேகப்படுவது என்றால் தன் கையைச் சந்தேகப்பட வேண்டும். அத்தனை பேர் மெச்சிய கையை அந்த நேரத்தில் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை.

மூடினார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் மீட்டர் மனைவியிடம் அந்த எண்ணைச் சொன்னார். அவளுக்கு அது பரீட்சை மார்க் போல. அச்சக மேனேஜருக்குப் போன் போட்டு, "அண்ணனுக்கு நாப்பத்திரெண்டு வந்திருக்குங்க, நல்ல நம்பராம்," என்று சொன்னாள். பிறகு தன் தோழி ஒருத்திக்கும் சொன்னாள். ஐசியூ கண்ணாடி வழியாக அண்ணனைக் காட்டினார்கள். வாயில் குழாய், மூக்கில் குழாய். "தூங்கறாரு பாரு, வீட்டுல குறட்டை விடுவாரே, இப்ப சத்தமே இல்லை," என்று அவளே சொல்லி அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிற்பகலில் ஐசியூ திரையில் இதயத்தின் கோடு மாறியது. பின்பக்கத்துத் தசைக்கு ரத்தம் போகவில்லை என்பதற்கான கோடு அது. அழுத்தம் விழுந்தது. மருந்தைக் கூட்டினார்கள், கொஞ்சம் நிமிர்ந்தது, மறுபடி விழுந்தது. பெரியவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். மச்சானைத் திரும்ப அரங்குக்குக் கொண்டுபோனார்கள். இந்த முறை மீட்டரை உள்ளே விடவில்லை.

மார்பைத் திறந்து இதயத்தை ஒதுக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. காற்று நிறைந்த நுரையீரல் ஒருபுறமும், உப்பிய இதயம் மறுபுறமும் நெருக்க, நீளமாக விடப்பட்ட சிரை இடது விளிம்பில் மடிந்து கிடந்தது. மடிப்புக்கு இந்தப் பக்கம் துடிப்பு. அந்தப் பக்கம் நீலம் பாரித்து, உள்ளே ரத்தம் உறைந்துபோயிருந்தது.

"மடிஞ்சிருக்கு," என்றார் பெரியவர்.

உறைந்ததை எடுத்து, கூடுதல் நீளத்தை வெட்டி, மறுபடி தைத்தார்கள். சின்ன டாக்டர் புரோப்பை மாட்டினார். மாட்டிவிட்டுக் கையைத் தளர்த்தி, குழாயை அதன் இடத்திலேயே கிடக்கவிட்டார். செவிலியர் திரையைப் பார்த்து எண்ணைப் படித்தார். முப்பத்துமூன்று. நல்ல எண்தான். குழாயில் ரத்தம் ஓடியது. அதை வாங்கிக்கொள்ளத்தான் அந்தப் பக்கத்தில் தசை மிச்சமில்லை.

இதயத்துக்குத் துணையாகப் பெருந்தமனிக்குள் ஒரு பலூனை ஓடவிட்டு மச்சானை ஐசியூவில் வைத்திருந்தார்கள். அது விரிந்து சுருங்கும் சத்தம் வெளியே தாழ்வாரம்வரை கேட்டது. தங்கை பெஞ்சை விட்டு எழவில்லை.

மறுநாள் சின்ன டாக்டர் கருவிகள் வைக்கும் அறைக்குப் போனார். மீட்டர் புரோப்பின் கேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும். நீங்க சொல்லுங்க."

"பெரியவர் அளந்தப்ப பட்டை ஃபுல்லா இருந்துச்சு மேடம். ரெண்டு தடவையும்."

சின்ன டாக்டர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லலையே."

"சொல்லலை. ஒன்பதுன்னு என் வாயால சொல்லிட்டு, அது சரியான ஒன்பதுன்னும் நானே சொல்லணுமேன்னு... வாய் வரலை. உங்க கைக்குப் போனா ஏறும்னு தெரியும். ஏறட்டுமேன்னு இருந்துட்டேன்."

"ஏறினதுக்குக் காரணம் இருக்கு. நான் குழாயைத் தூக்கித்தான் புரோப்புக்குள்ள விடுவேன். கொஞ்சம்தான், வெளிய தெரியாது. தூக்கினா மடிப்பு நிமிர்ந்துடும். நிமிர்ந்தா ஓடும். எப்பவும் அப்படித்தான் பண்ணியிருக்கேன். அதைப் போய் எல்லாரும் ராசின்னு சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

மீட்டர் கேபிளைக் கீழே வைத்தார்.

"அப்ப ஒன்பதுதான் நெஜமா?"

"ஒன்பதும் நெஜம். நாப்பத்திரெண்டும் நெஜம்தான், நான் பிடிச்சிருந்த வரைக்கும்."

"இதுக்கு முன்னாடி உங்க கையில ஏறின ஆளுங்க எல்லாம்?"

இரவு முழுவதும் சின்ன டாக்டரும் அதையேதான் நினைத்துக்கொண்டு கிடந்தார். குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். இறந்துபோனவர்கள் சிலர்; அவர்களுக்கெல்லாம் அப்போதே ஒரு காரணம் சொல்லப்பட்டுவிட்டது.

"பெரியவர்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன்," என்றார் அவர். "உங்க பட்டை விஷயம் எனக்குத் தெரியாது, அதனால அதைச் சொல்லலை. நீங்கதான் சொல்லணும்."

"பெரியவர்கிட்ட சொல்லிடறேன் மேடம். வேலை போனாலும் போகட்டும். வீட்டுலதான்..." அவர் கேபிளை மறுபடி கையில் எடுத்தார். "அவளுக்கு அப்பன், ஆத்தா எல்லாம் அவர்தான். வேணாம்னு இருந்தவளை நான்தான் பேசிப் பேசிக் கரைச்சேன். அவகிட்ட எதுவும் சொல்லாதீங்க மேடம். இதயம் வீக்கு, தாங்கலைன்னு இருக்கட்டும்."

"என் பாதியை நான் சொல்லித்தான் ஆகணும்."

"உங்க பாதியைச் சொன்னா என் பாதி தானா வந்துடும்."

சின்ன டாக்டர் எழுந்து போனார்.

அடுத்த நாள் காலையில் பலூன் சத்தம் நின்றது.

பெரியவர் தாழ்வாரத்துக்கு வந்து, இப்படிப்பட்ட நேரத்துக்கென்று அவரிடம் இருந்த சொற்களில் சொன்னார். ஏற்கெனவே தளர்ந்திருந்த இதயம், நாங்கள் எங்களால் முடிந்ததைச் செய்தோம், வலி எதுவும் தெரிந்திருக்காது. ஒரு குழாய் மடிந்துபோனது, திருத்தினோம், அதற்குள் தசை போய்விட்டது என்பதையும் சொன்னார். அவர் மறைக்கவில்லை. ஆனால் அது மழை பெய்தது, ரோடு வழுக்கியது என்பது போல, யாரும் செய்யாமல் தானாக நடந்த காரியமாகத் தங்கையின் காதில் விழுந்தது. அவள் தலையை ஆட்டினாள். பெரியவர் அவளுடைய தோளருகே கையைக் கொண்டுபோய், தொடாமல் இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

சின்ன டாக்டர் போகவில்லை. மீட்டர் தூணோரமாக நின்றிருந்தார். முகத்தில் இரண்டு நாள் தாடி.

தங்கை சின்ன டாக்டரைப் பார்த்ததும் எழுந்து வந்து அவருடைய வலது கையைப் பிடித்தாள். பிடித்த கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஈரமாக, சூடாக இருந்தது.

"போயிடாதீங்கன்னு கேட்டேன். போகவே இல்லையே நீங்க. இந்தக் கை பட்டதால அன்னிக்கு மத்தியானம் வரைக்குமாவது ஓடுச்சு. எங்க அண்ணனுக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கு. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க டாக்டரம்மா."

கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று சின்ன டாக்டருக்குத் தோன்றியது. முடியவில்லை. தூணோரம் பார்த்தார். மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க," என்றார். "அந்தக் குழாய் நீளமா இருந்துச்சு. பெரிய டாக்டர் அளந்தப்ப ஒன்பதுதான் வந்துச்சு. நான் அளக்கும்போது அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சிருந்தேன். அதனாலதான் நாப்பத்திரெண்டு வந்துச்சு. ராசி எல்லாம் ஒண்ணும் இல்லை. தூக்கினதால வந்தது. அதை நம்பி மூடிட்டோம்."

தங்கை கையை விடவில்லை. சொன்னது உள்ளே போய்ச் சேரும்வரை அப்படியே நின்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஒன்பதுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"சொல்லலை," என்றார் மீட்டர்.

"நாப்பத்திரெண்டு, நாப்பத்திரெண்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேனே."

"ஒன்பது சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். மிஷின் காட்டுச்சு. நான்தான் வாயைத் திறக்கலை."

தாழ்வாரத்தின் கடைசியில் யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். தங்கை அழவில்லை. கணக்கில் எங்கோ ஓர் இடம் உதைக்கிறது என்று தேடுகிறவளைப் போலப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"சரி," என்றாள். "நீங்க கையை எடுத்தப்புறம் எவ்வளவு ஓடுச்சு?"

சின்ன டாக்டர் வாயைத் திறந்தார். சொல்வதற்கு எண் இல்லை. பெரியவர் எட்டிப் பிடித்தபோது ஒன்று இருந்தது, தான் தூக்கிப் பிடித்தபோது ஒன்று இருந்தது. யாருடைய கையும் படாமல், அந்தக் குழாய் தன் போக்கில் கிடந்தபோது என்ன ஓடியது என்பதற்கு எண்ணே இல்லை.

"பார்க்கலை," என்றார் மீட்டர்.

"ஒரு தடவை பார்த்திருக்கலாமே."

அவள் கத்திச் சொல்லவில்லை. குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை அது. அப்போதுதான் சின்ன டாக்டரின் கையை விட்டாள். விட்டுவிட்டு, தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

ஐசியூ கதவைத் திறந்த செவிலியர், உறவுக்காரர்கள் உள்ளே வந்து பார்க்கலாம் என்றார். தங்கை தனியாகப் போனாள். மீட்டர் கதவுவரை போனார். கதவு அவர் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது. அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அங்கேயே நின்றார்.